இரும்பு ஆகாதவள்

பிள்ளை பெற்ற வீட்டில் இரும்பு இருக்க வேண்டும் என்பது எங்களிடையே வழக்கம். தலையணைக்கு அடியில் ஒரு கத்தரிக்கோல், நிலைப்படியில் ஓர் ஆணி, தொட்டிலுக்குக் கீழே ஒரு பாக்குவெட்டி. இவை இருந்தால் காற்றுக் கருப்பு எதுவும் பச்சை உடம்புக்காரியை அண்டாது. மலாக்கா டவுனில், காஜா பெராங்கில் நாங்கள் இருந்த சந்தில் தமிழர், சீனர், மலாய்க்காரர், வீட்டில் மலாய் பேசுகிற மலாக்கா செட்டிகள் என்று எல்லாரும் கலந்து இருந்தோம். சாமி விஷயத்தில் ஆளுக்கொரு பக்கம் போனாலும் பேய் விஷயத்தில் அத்தனை பேரும் ஒரே கட்சிதான். பேய்க்கு இரும்பு ஆகாது.

எனக்கும் இரும்பு ஆகாமல் போயிற்று. வம்பு அங்கேதான் தொடங்கியது.

நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் அது. என் கணவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். மாமனார் காலமாகிவிட்டார், வீட்டை ஆண்டவர் மாமியார்தான். ரப்பர் எஸ்டேட்டில் மரம் சீவிக் காய்ப்பேறிய கை அவருடையது. டவுனுக்கு வந்து வருஷக்கணக்கான பிறகும் கோழிக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எனக்குத் தாய்வீடு இல்லை. என் அம்மா நான் வயதுக்கு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் தலைப்பிரசவம் புகுந்த வீட்டோடு என்று ஆயிற்று.

வலி எடுத்து ஒரு பகலும் ஒரு இரவும் போன பிறகு, டவுனில் அப்போது இருந்த ஒரு சிறிய பிரசவ விடுதிக்குக் கொண்டுபோனார்கள். ஆயுதம் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். கால்களை வாரால் கட்டினார்கள். முகத்தில் ஒரு மூடியை வைத்து மயக்க மருந்தைச் சொட்டவிட்டார்கள். முழு மயக்கம் எனக்கு வரவேயில்லை. கை, கால், நாக்கு எல்லாம் செத்துவிட்டன. கண்ணும் காதும் மட்டும் சாகவில்லை.

பிள்ளை வந்தாள். சத்தம் வரவில்லை. யாரோ அவளைத் தூக்கி மூலையில் இருந்த வெள்ளை மங்குப் பேசினில் கிடத்தி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுத் திரும்பினார்கள். எனக்கு ரத்தம் நிற்கவில்லை. அத்தனை பேரும் என்னைச் சுற்றி நின்று போராடினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், என்னைப் பிழைக்க வைத்தவர்கள். ஆனால் அந்த மூலைக்கு யாரும் போகவில்லை. ஆயுதங்கள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. ணங், ணங் என்று விழுந்தன. நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். துணி அசைந்தது. மறுபடி அசைந்தது. "அங்கே பாருங்கள்" என்று கத்த எனக்கு வாய் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டு, மிஸி ஒருத்தி, தாதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஓடிப்போய்த் துணியை விலக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கற்பூரம் ஏற்றினார். "ரெண்டு உசுரும் பொழச்சுது. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றார். ஊரே அதைத்தான் சொன்னது. நான் வாயைத் திறந்தால், "பச்ச ஒடம்புக்காரி அதெல்லாம் வாயால சொல்லக் கூடாது. சொன்னா திரும்பி வரும்" என்று அடக்கிவிடுவார். சொல்லாமலேதான் அது திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது என்பதை நான் யாரிடம் சொல்வது?

முதல் நாளே தலையணைக்கு அடியில் கத்தரிக்கோலை வைத்துவிட்டார்கள். நான் தலையைத் திருப்பினேன். கத்தரிக்கோல் நகர்ந்து கட்டில் கம்பியில் பட்டது. ணங். அவ்வளவுதான், நான் வீட்டில் இல்லை. கால்களில் வார் இறுகியது. மருந்து வாடை மூக்கில் ஏறியது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுச் சீனத்தி ஓடி வந்தாள். கத்தரிக்கோலை எடுத்து ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். அதைப் பொறுக்கிக்கொண்டு வந்த மாமியார் நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பயம் இருந்தது.

அதற்குப் பிறகு என்னைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் பாக்குவெட்டியை வைத்துப் பார்ப்பது, கரண்டியைக் கீழே தவறவிடுவது. நான் துள்ளி விழுவேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் வீட்டில் அரண்டவள் நான், பேயைப் பார்த்தவர்கள் அவர்கள். "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறத்தான் வேணும். பாவம் அந்தத் தம்பி" என்று குழாயடியில் என் கணவருக்காக உச்சுக்கொட்டினார்கள்.

பக்கத்து வீட்டில் செட்டிக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். பீபிக் என்று கூப்பிடுவோம். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். நல்ல மனசுக்காரர். என் கால்மாட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே பொந்தியானாக் கதையைச் சொன்னார். பிரசவத்தில் செத்தவள்தான் பொந்தியானாக் ஆவாளாம். செத்தது தெரியாமல் தன் பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வருவாளாம். பிடரியில் ஓர் ஆணியை அடித்துவிட்டால் அடங்கிவிடுவாளாம். அழகாக, சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்டாட்டியாகக் காலம் தள்ளுவாளாம். பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான் எனக்கு அதைச் சொன்னார். செத்தது தெரியாமல் வருவாள் என்றாரே. அந்தக் கட்டிலில் நான் செத்துத்தான் போனேனோ? பிள்ளையைத் தேடிக்கொண்டு இங்கே வந்திருப்பது யார்? கண்ணாடியில் பார்த்தால் என் முகம்தான் இருந்தது. அதை வைத்து எதையும் நம்ப முடியவில்லை.

பிள்ளையை நான் வெறுக்கவில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அப்போது எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவளைத் தொட்டிலில் போட்டால் என்னால் பார்க்க முடியாது. நம் ஊர்த் தொட்டில் சாரோங் துணி; பிள்ளையைப் போட்டதும் இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது தெரியாது. வெறும் துணிதான் தெரியும். நான் போய் விலக்கிப் பார்ப்பேன். மூடும். மறுபடி விலக்குவேன். தூங்கும் பிள்ளை எழுந்து அழும். அழுதால்தான் எனக்கு மூச்சு வரும். "புள்ளயத் தூங்கவிட மாட்டேங்குது அது" என்றார் மாமியார். 'அது' என்றார்.

சுதந்திரம் வந்த மெர்டேக்கா நாளன்று ஊரே தெருவில் இருந்தது. கொடி, லாரி, கோஷம். பக்கத்து வீட்டு ரேடியோவில் கூட்டத்தின் சத்தம் கேட்டது. சீனர்கள் சிங்க நடனத்துக்கு வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு எங்கள் சந்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். ணங், ணங், ணங். தொட்டிலில் துணி அசைந்தது. பிறகு நான் நினைவுக்கு வந்தபோது கொல்லையில் மழையில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளையின் மேல் ஒரு நூல் துணி இல்லை. எல்லாவற்றையும் நானே உரித்து எறிந்திருக்கிறேன். அவள் நீலம் பாய்ந்து கதறிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த நாளில், கொட்டும் மழையில், பிள்ளையை அம்மணமாகப் பிடித்துக்கொண்டு நிற்பவளை வேறு என்னவென்று நினைப்பார்கள்?

மறுநாளே கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், புக்கிட் ரம்பாயிலிருந்து வந்தார். கல்யாணமாகி வெகுகாலம், பிள்ளை இல்லை. கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்தபோது அவர் கண்களை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். மாமியார் அவருக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார்: "எறங்க வேண்டியது எறங்குனா புள்ள இங்க வரட்டும். எறங்கலன்னா, வர்ற தைப்பூசத்துல மொட்டையப் போட்டு ஒங்க புள்ளன்னே பேர வச்சுக்குங்க." என் கணவர் வாசலில் நின்று சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். என்னிடம் இருப்பதைவிட அவரிடம் இருந்தால் பிள்ளை பத்திரமாக இருப்பாள் என்று எனக்கே தோன்றியதுதான் அந்த நாளின் கொடுமை.

பஸ் கிளம்பியதும் பால் கட்டிக்கொண்டது. பேய்க்குப் பால் சுரக்குமா என்று பீபிக்கைக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

தீபாவளி கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவேளைக்குப் பூசாரியை அழைத்து வந்தார்கள். எஸ்டேட் பக்கத்து முனியாண்டி கோயில் பூசாரி. என்னைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஈரப் புடவையோடு கொல்லையில் உட்கார வைத்தார்கள். உடுக்கை, வேப்பிலை, எலுமிச்சம்பழம், சாம்பிராணிப் புகை. எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: பேய் வாயைத் திறந்து தான் யார் என்று சொல்லும், கேட்டதைக் கொடுப்பதாகச் சொன்னால் போகிறேன் என்னும், உச்சிமுடியில் ஒரு கற்றையைக் கத்தரித்துச் சந்து முனைப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்துவிடுவார்கள். கத்தரிக்கோல் பட்டும் நான் அலறாவிட்டால் போய்விட்டது என்று அர்த்தம். பிள்ளை வருவாள். அலறினால் தைப்பூசம்தான்.

பூசாரி வேப்பிலையால் தோளில் அடித்தார். "யாரு நீ? சொல்லு!"

இன்னொரு அடி விழுந்தது.

"என்ன வேணும் ஒனக்கு? கோழியா, புடவையா? என்ன வேணும்?"

"எம்புள்ள வேணும்" என்றேன்.

கூடியிருந்தவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். யாரோ ஒருத்தி தன் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா, புள்ளயக் கேக்குது!" என்றார் பூசாரி. உடுக்கை வேகம் எடுத்தது. வாயைத் திறந்து நான் சொன்ன முதல் உண்மை என் தலையிலேயே விழுந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

"எங்க புடிச்ச இவள? எந்த எடத்துல? சொல்லு!"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குள் என்னவோ பிய்த்துக்கொண்டது. எங்கே என்று கேட்கிறார். என்ன நடந்தது என்று கேட்கிறார். பிள்ளை பெற்று வந்த நாளிலிருந்து ஒருவரும் என்னை இதைக் கேட்டதில்லை. பேயைத்தான் கேட்டார், இருந்தால் என்ன, நானே சொல்லிவிட்டேன்.

"கட்டில்ல புடிச்சுது" என்றேன். "காலக் கட்டிட்டாங்க. எம்புள்ளய பேசின்ல போட்டுத் துணியால மூடிட்டாங்க. செத்துடுச்சுன்னு நெனச்சுட்டாங்க. துணி அசையுது. நான் பாக்குறேன். எனக்கு வாய் வரல. யாரும் அந்தப் பக்கம் திரும்பல. சாமான் எல்லாம் தட்டுல விழுது. ணங், ணங்னு விழுது. நான் மட்டும்தான் பாத்தேன். நான் மட்டும் பாத்துக்கிட்டே கெடந்தேன்."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று பிறகு சொன்னார்கள். உடுக்கை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது மாமியார் எனக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். எனக்குத்தான் அதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பூசாரிக்கு வேலை முடியவில்லை. "மனுசி மாரி பேசி ஏமாத்தும். முடிய வெட்டணும். கத்திரிக்கோலக் குடுங்க" என்றார். மாமியார் எழுந்துபோய் அதே கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். அதைக் கண்டதும் என் கால்களில் வார் விழுந்தது. பூசாரியின் கை என் உச்சிமுடியைப் பிடித்தது. அலறல் தொண்டைவரை வந்துவிட்டது. வந்தால் பிள்ளை போய்விடுவாள்.

"அத்தை, எங்கையில குடுங்க" என்றேன்.

"பேய் கையில இரும்பக் குடுக்குறதா?" என்று பூசாரி குறுக்கே வந்தார்.

மாமியார் அவரைப் பார்க்கவில்லை. "நான் எம்மருமக கையில குடுக்குறேன்" என்று சொல்லி, கூர்முனையைத் தன் பக்கம் வைத்து, பிடியை என்னிடம் நீட்டினார்.

என் கை நடுங்கிய நடுக்கத்தில் அலகுகள் தாமே உரசிக்கொண்டன. ஆனால் அந்தச் சத்தத்தை இந்த முறை செய்தது என் கை. நிறுத்தினால் நிற்கும். நிறுத்திப் பார்த்தேன், நின்றது. விரல்களைத் திறந்து, முடியை வைத்து, மூடினேன். கற்றை மடியில் விழுந்தது. நான் அங்கேயே, அந்தக் கொல்லையில், ஈரப் புடவையோடுதான் இருந்தேன். செத்தவளுக்கு இப்படிக் குளிராது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியைக் கொண்டுபோய்ப் புளியமரத்தில் அறைந்தார்கள். பேய் இறங்கிவிட்டது என்று ஊர் நம்பியது. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அந்த மரத்தைத் தாண்டித்தான் போவேன். முடி காற்றில் ஆடும். அங்கே அறையப்பட்டிருப்பவள் என் கூடவே அந்தக் கட்டிலில் கிடந்தவள். பேய்க்குப் படைக்கிற சோறுகூட அவளுக்கு யாரும் கொண்டுபோனதில்லை. பீபிக் மட்டும் என் பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆணி நல்லா ஏறியிருக்கு, இனிமே நல்ல பெண்டாட்டிதான் என்று மலாயில் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். சிரிக்கத் தெரிந்தது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

உண்மையில் என்னை இறக்கி வைத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். மறுநாள் மாமியார் கீரையை என் முன்னால் கொட்டி, தானும் உட்கார்ந்து, தண்டைக் கிள்ளிக்கொண்டே, "அந்த பேசின் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "அப்புறம்?" என்றார். துணி அலசும்போது கேட்டார். மாவு இடிக்கும்போது கேட்டார். சொன்னால் திரும்பி வரும் என்று என்னை அடக்கியவர்தான். அதே கதையை அவர் எத்தனை முறை கேட்டார் என்று எனக்கே அலுத்துப்போயிற்று. ஒருநாள் நடுவில் நான் நிறுத்திவிட்டு, "உப்புப் போட்டீங்களா அத்தை?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். போடவில்லை என்றார். அன்றைக்குக் கதையை நாங்கள் முடிக்கவில்லை.

சத்தம் போய்விடவில்லை. கரண்டி விழுந்தால் இன்னும் துள்ளினேன். துள்ளிய பிறகு வீட்டுக்குத் திரும்பி வரும் வழி மட்டும் தெரிந்துவிட்டது.

தைப்பூசத்துக்கு முன்னால், கணவர் போய்ப் பிள்ளையைக் கொண்டுவருவதாகச் சொன்னார். நான்தான் போவேன் என்றேன். புக்கிட் ரம்பாய் வீட்டில் அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். என் மகள் அவர் இடுப்பில் இருந்தாள். கன்னம் உப்பி, கண்ணில் மை தீட்டி, யாரோ ஒரு பிள்ளை மாதிரி. என்னைக் கண்டதும் அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாங்கிய அடியிலேயே அதுதான் பெரிய அடி.

அண்ணி என் முகத்தையே பார்த்தார். "நெசமாவே போயிடுச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

போய்விட்டது என்று சொல்லச் சொல்லித்தான் வீட்டில் அனுப்பியிருந்தார்கள். ஆனால் அவர் கண்களில் இருந்த பயம் பிள்ளைக்கான பயம். அப்படிப் பயப்படுகிறவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போகல அண்ணி" என்றேன். "அது எங்கூடத்தான் இருக்கும். புள்ளயக் குடுங்க."

அவர் பிள்ளையை ஒருமுறை இறுக்கி அணைத்துக்கொண்டார். பிறகு பிள்ளையின் பிடியைத் தோளிலிருந்து ஒவ்வொரு விரலாக விடுவித்து என்னிடம் தந்தார். தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் அழுத சத்தம் பாதைவரை கேட்டது. அந்தச் சத்தமும் என்னோடுதான் இருக்கிறது.

பஸ்ஸில் பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாள். ஜன்னல் வெயில் அவள் முகத்தில் விழுந்தது. முந்தானையால் மூட வேண்டும். கை போகவில்லை. வெயிலில் அவள் முகம் சுளித்ததும் மூடினேன். மூடிவிட்டு, துணிக்கு அடியில் அவள் மார்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் விலக்கிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "தூங்குற புள்ளய ஏம்மா எழுப்புற?" என்றாள்.

என் மகளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்க்க வந்தால் மதியம் சாப்பிட்டுவிட்டுப் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு தூங்குவாள். நான் போய் விலக்கிப் பார்ப்பேன். "அம்மா, கொஞ்சம் தூங்கவிடேன்!" என்று கண்ணைத் திறக்காமலேயே திட்டுவாள். அவள் திட்டின பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.